சுரண்டிய ரோடு, மேடு பள்ளம், விளிம்பு: பைக் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்து வருடத்துக்கும் மேலாகத் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு பைக்கில் வேலைக்குப் போய்வருகிறேன். எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தும் இருக்கிறேன். எங்காவது ரோட்டைச் சுரண்டிப் போட்டால் போதும், எல்லோரும் ஒரே சந்தேகத்தோடு வருவார்கள். அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். சென்னை உதாரணங்கள்தான் அதிகம். ஆனால் சக்கரத்துக்கும் தாருக்கும் நடுவே நடப்பது எந்த ஊரிலும் ஒன்றுதான்.

ரோட்டை எதுக்கு இப்படிக் கோடு கோடா சுரண்டிப் போடுறாங்க? அப்படியே மேல தார் போட்டா ஆகாதா?

அப்படித்தான் பல வருடம் போட்டார்கள். பழைய தார் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னொன்று என்று ரோடு உயர்ந்துகொண்டே போக, வீட்டு வாசல்கள் தாழ்ந்துபோய் மழைத் தண்ணீர் உள்ளே வந்தது. 2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்துக்குத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அதன் பிறகு இந்த வேலை நம் கண்ணில் அதிகம் படுகிறது.

சுரண்டும் இயந்திரத்தின் அடியில் ஓர் உருளை இருக்கும். அதில் வரிசையாகக் கெட்டியான உலோகப் பற்கள். உருளை சுற்றச் சுற்ற அந்தப் பற்கள் தாரைச் சீவி எடுத்துக்கொண்டே போகும். பற்கள் போன தடம்தான் நாம் பார்க்கும் நீளக் கோடுகள். சொரசொரப்பான பரப்பில் புதுத் தார் நன்றாகப் பிடிக்கும் என்பதால் இந்த முறை சரியான முறைதான். சுரண்டுவதற்கும் தார் போடுவதற்கும் இடையில் விழும் நாட்கள்தான் நம் பிரச்சினை.

அதுல போகும்போது ஹேண்டில் தானா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகுதே, விழுந்துடுவேனா?

அந்த ஆட்டத்தால் மட்டும் விழ மாட்டீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: நமக்கு அதிகப் பயம் தருவது இந்த ஆட்டம், ஆனால் ஆட்களைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் விளிம்பு, மணல், தப்பான இடத்தில் அடித்த பிரேக் ஆகியவைதான். அவற்றைப் பற்றிக் கீழே தனித்தனியாக வருகிறது.

ஆட்டம் ஏன் வருகிறது என்றால், டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். அந்தச் சின்ன இடம் கோடுகளின் ஓரத்தில் உரசி, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குச் சற்றே நழுவும். அந்த நழுவலைத்தான் கை உணர்கிறது. ஆனால் முன்சக்கரம் தானாகவே நேர்ப்படும்படிதான் பைக்கை வடிவமைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது அதன் சக்கரம் தானே திரும்பி, போகிற திசைக்கு வந்துவிடும், பார்த்திருப்பீர்கள். பைக்கின் முன்சக்கரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. வண்டி சில அங்குலம் ஆடினாலும் மொத்தத்தில் நேராகத்தான் போகும்.

அப்போ ஹேண்டிலை எப்படித்தான் பிடிக்கணும்? இறுக்கிப் பிடிச்சா நல்லதா?

இறுக்கிப் பிடிப்பதுதான் கெடுதல். கையை விறைப்பாக வைத்தால் முன்சக்கரத்தின் சின்னச் சின்ன ஆட்டம் தோள் வரை ஏறி, உங்கள் உடம்பின் எடையையும் சேர்த்து ஆட்டிவிடும். ஆட்டத்தைத் திருத்துகிறேன் என்று நீங்கள் ஹேண்டிலை எதிர்ப்பக்கம் தள்ளும்போது, வண்டி ஏற்கெனவே தன்னைத் திருத்திக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து ஆட்டம் கூடும்.

முழங்கையை மடக்கி, பிடியைத் தளர்வாக வையுங்கள். உயிருள்ள கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருப்பது போல என்று நான் சொல்லிக்கொடுப்பேன்: நழுவிவிடக் கூடாது, நசுங்கவும் கூடாது. வண்டியைப் பிடிக்க வேண்டியது தொடைகள். பெட்ரோல் டேங்கை முழங்காலால் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டால் கை தானாகத் தளரும். பார்வை பதினைந்து இருபது மீட்டர் தள்ளி இருக்கட்டும். கீழே கோடுகளையே பார்த்துக்கொண்டு போனால் வண்டியும் தடுமாறும், எதிரில் வரும் பள்ளமும் தெரியாது.

எவ்வளவு வேகத்துல போகலாம்? எந்த கியர்?

நகருக்குள் சுரண்டிய ரோட்டில் முப்பது, அதிகபட்சம் நாற்பது. வேகத்தைக் குறைக்க வேண்டியது சுரண்டிய பகுதி தொடங்குவதற்கு முன்னால். உள்ளே போன பிறகு ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு, நூற்றிருபத்தைந்து சிசி வண்டி என்றால் மூன்றாவது கியர் வசதியாக இருக்கும். எஞ்சின் திணறவும் கூடாது, வெறுமனே இரையவும் கூடாது.

பயத்தில் பத்து கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிடுவதும் நல்லதல்ல. மெதுவாகப் போனால் பைக் தானே நிமிர்ந்து நிற்கும் தன்மை குறைந்துவிடும். கால் தரையைத் தேடும், ஹேண்டில் இன்னும் அதிகம் ஆடும்.

நடுவுல பிரேக் அடிக்கலாமா?

அடிக்கலாம். திடீரென்று அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். சுரண்டிய பரப்பு காய்ந்திருந்தால் பிடிப்பு ஓரளவு இருக்கும். அதன் மேல் கிடக்கும் பொடிக்கல்லும் தூசியும்தான் வழுக்கும். வண்டியை நிமிர்த்தி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் மெல்ல மெல்ல அழுத்துங்கள். வண்டி சாய்ந்திருக்கும்போதோ ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள். முன்னால் போகும் வண்டியிடமிருந்து வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விட்டால், அப்படிப் பிடிக்க வேண்டிய நிலையே பெரும்பாலும் வராது.

பாதி ரோடு புதுசா போட்டிருக்காங்க, பாதி சுரண்டினபடி இருக்கு. நடுவுல அந்தச் சின்னப் படி மாதிரி இருக்கே, அதுல ஏறலாமா?

எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். நான் விழுந்ததும் இதில்தான். ஒரு நாள் சாயங்காலம், இருபது கி.மீ. வேகம்கூட இருக்காது. வலப்பக்கம் புதுத் தார் வழவழவென்று தெரிந்தது. மெல்ல அந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்று நினைத்தேன். அடுத்த நொடி கீழே கிடந்தேன். முழங்கால் ஆறப் பல வாரம் ஆனது. பின்னால் பஸ் வராமல் போனது என் நல்ல நேரம்.

நடந்தது இதுதான். படி நான்கைந்து செ.மீ. உயரம்தான். கார்க்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தப் படி நாம் போகும் திசையிலேயே நீளமாக ஓடுகிறது. மெல்லச் சாய்ந்து ஏறப் பார்த்தால் முன்டயரின் பக்கவாட்டு அதன் மேல் ஏறாமல், விளிம்பை உரசிக்கொண்டே போகும். உடம்பின் எடை வலப்பக்கம் போய்விட்டது. சக்கரம் மட்டும் இடப்பக்கமே தங்கிவிட்டது. வண்டி வலப்பக்கம் சரியும், அதாவது வேகமாக வண்டிகள் வரும் பக்கம்.

அதனால் முதல் பதில்: ஏறாதீர்கள். நீங்கள் இருக்கும் பாதியிலேயே போங்கள், விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி. கண்டிப்பாக ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், கண்ணாடியிலும் திரும்பியும் பின்னால் பாருங்கள். வேகத்தை நன்றாகக் குறையுங்கள். விளிம்பைவிட்டு இன்னும் கொஞ்சம் விலகி, அங்கிருந்து ஹேண்டிலைத் தெளிவாகத் திருப்பி, விளிம்பைக் குறுக்காகச் சந்தியுங்கள். எவ்வளவு குறுக்காகவோ அவ்வளவு நல்லது. செங்கோணத்தில் பாதி, அதாவது 45 டிகிரிக்குக் குறையவே கூடாது. முன்சக்கரம் படியைத் தொடும் நேரத்தில் பிரேக்கில் கை இருக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரைத் துளி கொடுங்கள். முன்சக்கரம் ஏறியதும் உடனே நேராக்கிவிடாதீர்கள். பின்சக்கரம் இன்னும் கீழேதான் இருக்கிறது, அதுவும் குறுக்காகவே ஏற வேண்டும். இறங்கும்போதும் இதே முறைதான்.

ரோட்டோரத்துல தார் முடிஞ்சு மண் ஆரம்பிக்குற இடமும் அப்படித்தானா?

அதேதான், சில இடங்களில் இன்னும் மோசம். கிராமச் சாலைகளில் தாருக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் வரை வித்தியாசம் இருப்பதுண்டு. எதிரில் பஸ் வருகிறது, மண்ணில் இறங்கிவிடுகிறோம். அது போனதும் பதற்றத்தில் உடனே தாருக்கு ஏறப் பார்ப்பதில்தான் பலர் விழுகிறார்கள். இறங்கிவிட்டால் மண்ணிலேயே நேராகப் போய் வேகத்தைக் குறையுங்கள். வேண்டுமானால் நின்றே விடுங்கள். ரோடு காலியானதும், முந்தைய பதிலில் சொன்னபடி குறுக்காக ஏறுங்கள்.

சுரண்டின ரோட்டுல பாதாளச் சாக்கடை மூடி மேடு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குதே?

சுற்றியுள்ள தாரைச் சுரண்டிவிட்டு மூடியைச் சுற்றி மட்டும் விட்டுவிடுவதால் அது தீவு போல நிற்கிறது. பகலில் தெரியும். இரவில், எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது தெரியவே தெரியாது. தினமும் போகிற வழி என்றால் பகலில் ஒருமுறை எங்கெங்கே மூடி இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நான் கடைப் பெயரை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வேன்: பேக்கரி தாண்டி ஒன்று, மருந்துக்கடை வாசலில் ஒன்று என்று.

தவிர்க்க முடியாமல் ஏறிவிட்டால் கீழே வேகத்தடைக்குச் சொல்லப்போகும் முறையே இதற்கும்.

பள்ளம் கடைசி நொடியிலதான் தெரியுது. முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்குறது?

பெரும்பாலும் காரணம் நீங்கள் போகும் இடம். காருக்குப் பின்னால் அதன் நடுப்பகுதிக்கு நேராகப் போகிறீர்களா? கார்க்காரர் பள்ளத்தை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டிவிடுவார். காரின் வயிற்றுக்கு அடியிலிருந்து அந்தப் பள்ளம் நேராக உங்கள் சக்கரத்துக்கு வரும். காரின் இடது சக்கரமோ வலது சக்கரமோ போகும் தடத்தில் போங்கள். அங்கே பள்ளம் இருந்தால் காரே முதலில் விழுந்து குலுங்கிக் காட்டிவிடும். கூடவே மூன்று விநாடி இடைவெளி: கார் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் தாண்டுவதற்குள் மூன்று எண்ண முடிய வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. பஸ் நிறுத்தம், சிக்னல் இவற்றுக்கு முன்னால் கனமான வண்டிகள் தினமும் பிரேக் அடித்து அடித்து, வெயிலில் இளகிய தார் அந்தத் தடத்தில் அமுங்கி, ஓரத்தில் வரப்பு மாதிரிப் புடைத்திருக்கும். அங்கே தடத்திலிருந்து வெளியே வருவதென்றால் விளிம்பு பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும்.

வேகத்தடையில பிரேக் அடிச்சுக்கிட்டே ஏறுவேன். அதனாலயா முன்னாடி இவ்வளவு இடிக்குது?

ஆமாம். பிரேக் அடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் வந்து முன் ஷாக் அப்சார்பர் ஏற்கெனவே அமுங்கிவிடும். மேட்டில் ஏறும்போது அமுங்க அதற்கு இடமே இருக்காது, அடி நேராகக் கைக்கு வரும். மேட்டுக்கு முன்னாலேயே பிரேக் அடித்து முடித்து, சக்கரம் மேட்டைத் தொடும் முன் விட்டுவிடுங்கள். முன்பக்கம் எழும்பும், அப்போது ஏறினால் அந்த அதிர்வை ஷாக் அப்சார்பர் வாங்கிக்கொள்ளும். தவிர்க்க முடியாத பள்ளத்துக்கும் இதுதான்: முன்னால் அழுத்தமான பிரேக், விழும் நேரத்தில் பிரேக் இல்லை. பைக் என்றால் ஃபுட்ரெஸ்ட்டில் காலை ஊன்றி இருக்கையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பினால் முதுகு தப்பிக்கும்.

சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். ஏறக்குறைய 25 கி.மீ. வேகத்தில் கடக்கும்படியான வடிவம் அது. நம் தெருக்களில் இருப்பவற்றில் பல, குறுகலாகச் சுவர் போல நிற்பவை. அவற்றை 10, 15 கி.மீ. வேகத்தில் நேராகத் தாண்டுங்கள். ஓரத்தில் உள்ள சின்ன இடைவெளியில் நுழைந்து போவது வேண்டாம். அங்கே மணல் சேர்ந்திருக்கும், நடந்து வருபவர்களும் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

நான் ஓட்டுறது ஸ்கூட்டி. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், கூடுதல் கவனத்தோடு. பைக்கின் சக்கரம் பெரும்பாலும் 17 அல்லது 18 அங்குலம். ஸ்கூட்டருக்கு 10 அல்லது 12 அங்குலம். சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் ஆழமாக இறங்கும், படியில் கஷ்டப்பட்டுத்தான் ஏறும். பைக் தாண்டிவிடும் பள்ளம் ஸ்கூட்டருக்குப் பெரிய பள்ளம். முழங்காலால் அணைக்க டேங்க் இல்லை என்பதால் கையில்தான் பிடி இருக்கும், அது சீக்கிரம் விறைத்துப் போகும். இரண்டு காலையும் பலகையில் அகலமாக, முழுப் பாதமும் படும்படி ஊன்றி, தோளைத் தளர்த்துங்கள். சுரண்டிய ரோட்டுக்கு நான் சொன்ன வேகத்தில் பத்து கி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். மிக மெதுவாகப் போகாதீர்கள் என்று மேலே சொன்னது ஸ்கூட்டருக்கும் உண்டு. அங்கே இருபதுக்குக் கீழே போக வேண்டியதில்லை.

தண்ணி கேனை முன்னாடி வச்சுக்கிட்டுப் போகலாமா?

நிறைந்த 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. அது கால்களுக்கு நடுவே இருக்கும்போது காலை ஊன்ற இடமிருக்காது. ஹேண்டிலைத் திருப்பும்போது கேனில் இடிக்கவும் வாய்ப்புண்டு. நல்ல ரோட்டில் சமாளிக்கலாம். சுரண்டிய ரோட்டில் வேண்டாம். கடைக்காரரையே வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். குழந்தையை முன்னால் நிற்க வைத்துப் போவதும் அப்படித்தான். ஒரு பள்ளத்தில் குழந்தையின் வாய் ஹேண்டிலில் மோதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பின்னாடி அம்மா ஒருபக்கமா உட்கார்ந்து வருவாங்க. ரொம்பப் பயப்படுறாங்க.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒருபக்கமாக உட்காரும்போது எடை ஒரு பக்கம் இழுக்கும். அவரால் தொடையால் வண்டியைப் பிடிக்கவும் முடியாது. முடிந்தால் சுடிதார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். முடியாது என்றால், கால் வைக்கும் பலகை சரியாக இருக்கிறதா, சேலைத் தலைப்பு செருகியிருக்கிறதா, பின்சக்கரத்துக்கு உறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஹெல்மெட் அவருக்கும் வேண்டும்.

பள்ளமோ மேடோ வரும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “அம்மா, மேடு வருது, பிடிச்சுக்கோங்க.” அவர் ஒரு கையால் பின் கம்பியையும் இன்னொரு கையால் உங்கள் இடுப்பையும் பிடிக்கட்டும். தோளைப் பிடிக்க விடாதீர்கள். அவர் திடுக்கிட்டால் அந்த இழுப்பு உங்கள் கை வழியாக ஹேண்டிலுக்குப் போகும். பின்னால் ஆள் இருக்கும்போது பின் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பார்த்து அடித்துக்கொள்ளுங்கள்.

மழையில எதுக்கு ரொம்பப் பயப்படணும்?

தண்ணீர் நின்ற இடத்தில் முதலில் போகாதீர்கள். முன்னால் போகும் வண்டியின் சக்கரம் எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்துவிட்டு அதே தடத்தில் போங்கள். சுரண்டிய ரோடு சுற்றியுள்ள ரோட்டைவிடத் தாழ்வாக இருப்பதால் தண்ணீர் அங்கேதான் நிற்கும். மேடாக நிற்கும் சாக்கடை மூடியும் அதற்குள் மறைந்திருக்கும்.

அடுத்தது இரும்பு. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலை நடக்கும் ஆற்காடு சாலை, பழைய மகாபலிபுரம் சாலை போன்ற இடங்களில் குழியின் மேல் இரும்புத் தகடு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நனைந்த இரும்பில் டயருக்குப் பிடிப்பு மிகக் குறைவு. சாக்கடை மூடி, பாலத்தின் இணைப்புக் கம்பி, ரோட்டில் தடித்த வெள்ளைப் பெயின்ட் எல்லாமே இந்த வகைதான். அவற்றின் மேல் இருக்கும் அந்த ஒரு நொடியில் மூன்று வேலை செய்யக் கூடாது: பிரேக், திருப்பம், ஆக்சிலரேட்டர் முறுக்கல். நிமிர்ந்து, நேராக, அதே வேகத்தில் தாண்டுங்கள். நீண்ட நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து எல்லா இடமுமே இப்படி ஆகிவிடும்.

ரயில்வே கேட்டுல தண்டவாளம் சாய்வா போகுது. எப்படித் தாண்டுறது?

விளிம்பு பற்றிய பதிலும் இரும்பு பற்றிய பதிலும் இங்கே ஒன்று சேர்கின்றன. ரோடு சாய்வாகப் போனாலும், இடம் இருந்தால் நீங்கள் கொஞ்சம் வளைந்து, தண்டவாளத்தைச் செங்குத்தாகச் சந்தியுங்கள். தண்டவாளத்தை ஒட்டியுள்ள பள்ளத்தில் சக்கரம் இறங்கிவிட்டால் ஹேண்டில் உங்கள் பேச்சைக் கேட்காது. கேட் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். அந்தக் கூட்டத்தில் வளைய இடம் கிடைக்காது. பத்து விநாடி பொறுத்துப் போங்கள்.

எங்க ஊர் தஞ்சாவூர் பக்கம். அறுவடை நேரத்துல ரோட்டுல நெல் காயப் போட்டிருப்பாங்க, அது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். நெல்மணி டயருக்கு அடியில் உருண்டையாக உருளும், வைக்கோல் வழுக்கும். உளுந்து இன்னும் மோசம். காயப் போடக் களம் இல்லாமல்தான் அவர்கள் ரோட்டுக்கு வருகிறார்கள், அவர்களைக் கோபித்துப் பயன் இல்லை. பாதி ரோட்டில்தான் காயும், மீதிப் பாதியில் போங்கள். எதிரில் வண்டி வந்தால் நெல்லுக்குள் இறங்காமல், நின்று அதைப் போகவிடுங்கள். ராத்திரியில் குவியலைச் சுற்றிக் கருங்கல் வைத்திருப்பார்கள். விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் அங்கே சரியான வேகம்.

என் வண்டியில ஏபிஎஸ் இருக்கு. அப்புறம் என்ன பயம்?

ஏபிஎஸ் நல்ல விஷயம், அதைக் குறை சொல்லவில்லை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் உள்ள வண்டிகளுக்குக் கட்டாயம். ஆனால் அது செய்வது ஒன்றுதான்: பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. பொடிக்கல்லிலும் மணலிலும் பிரேக்கை அது விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்கும் தூரம் கூடலாம். மேடு பள்ளத்தில் சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு எழும்பினாலும் பூட்டிக்கொண்டதாக எண்ணிப் பிரேக்கைத் தளர்த்திவிடும். பிரேக் லீவர் கையில் துடித்தால் பயந்து விட்டுவிடாதீர்கள், பிடித்தே இருங்கள். விளிம்பில் விழுவதை அதனால் தடுக்க முடியாது; பல வண்டிகளில் அது முன்சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

125 சிசி வரை உள்ள பல வண்டிகளில் இருப்பது சிபிஎஸ், அதாவது ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போகும் அமைப்பு. ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தால் முன்சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். ‘பின் பிரேக்தானே’ என்று மணலில் திரும்பும்போது அழுத்திவிடாதீர்கள்.

பட்டன் டயர் போட்டா இந்த ஆட்டம் நிக்குமா?

முன் டயரில் சுற்றிலும் நேர்க்கோடாகப் பள்ளம் ஓடும் ரிப் டயர் இருந்தால், அந்தக் கோடும் ரோட்டுக் கோடும் பொருந்தி ஆட்டம் அதிகம் தெரியும். கட்டம் கட்டமாக வெட்டிய டயரில் குறையும். ஆனால் இதற்காகவே பெரிய பட்டன் டயர் போடுவது வீண். அது மண்ணுக்கானது, நனைந்த தாரில் பிடிப்பு குறைவு. வருடத்தில் சில வாரம் வரும் ஆட்டத்துக்காக வருடம் முழுவதும் மழை ரோட்டில் பிடிப்பை இழப்பதா?

அதைவிட முக்கியம் காற்று. ‘பள்ளத்துல குலுங்குது’ என்று காற்றைக் குறைக்கும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. குறைந்த காற்றில் டயரின் பக்கவாட்டு வளையும், ஹேண்டில் கனக்கும், பள்ளத்தில் ரிம் அடிவாங்கும். ஸ்டிக்கரில் உள்ள அளவை வாரம் ஒருமுறை, வண்டி சூடாகும் முன் பாருங்கள்.

நல்ல ரோட்டுலயும் லேசா ஆடுது. அப்போ ரோடு காரணம் இல்லையா?

இல்லை, மெக்கானிக்கிடம் போக வேண்டிய நேரம். போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்னால் அழுத்த, முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் உட்கார்வது போல நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் சுழல உதவும் பேரிங், போய்விட்டது. முன் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரிந்தாலும் கோன் செட்தான், தேய்மானமோ தளர்வோ. சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா, பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்தாலும் வண்டி நேர்க்கோட்டில் நிற்காது.

பெரிய பள்ளத்தில் விழுந்த அன்றே ரிம்மையும் பாருங்கள். டியூப்லெஸ் டயர் என்றால் ரிம் சற்றே நெளிந்தாலும் காற்று மெல்ல இறங்கும், மறுநாள் காலைதான் தெரியும்.

ஒருமுறை மேட்டுல இறங்கினதும் ஹேண்டில் வேகமா இடதும் வலதுமா அடிச்சுது. அப்ப என்ன செய்யணும்?

இது கோடுகளால் வரும் மெதுவான ஆட்டம் அல்ல, வேறு. வேகத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி, கோணலாக இறங்கும்போது வரும். அந்த நேரத்தில் ஹேண்டிலை அடக்கப் பார்த்தாலோ முன் பிரேக்கைப் பிடித்தாலோ விழுவீர்கள். முழங்காலால் டேங்கை இறுக்கி, கையைத் தளர்த்தி, உடம்பை முன்னால் சாய்த்து, ஆக்சிலரேட்டரை மெல்லக் குறையுங்கள். வேகம் இறங்கினால் அடங்கிவிடும். அடங்கிய பிறகு ஓரமாக நிறுத்தி, முந்தைய பதிலில் சொன்ன சோதனைகளைச் செய்யாமல் மேலே போகாதீர்கள்.

வாரக்கணக்கா அப்படியே கிடக்கு. யார்கிட்ட சொல்றது?

சென்னை மாநகராட்சிச் சாலை என்றால் 1913. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலைகளில் உள்ள பள்ளங்களுக்கு ‘நம்ம சாலை’ என்ற செயலி இருக்கிறது. படம் எடுக்கும்போது பள்ளம் மட்டும் தெரிந்தால் போதாது, பக்கத்தில் ஒரு கடைப் பலகையோ கம்ப எண்ணோ தெரிய வேண்டும். விளிம்புக்கு எச்சரிக்கைப் பலகையோ, ஒளிரும் கூம்போ இல்லை என்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். தார் போட நாளாகலாம், கூம்பு வைக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இடது பக்கம் லாரி ஒட்டி வருது, வலது பக்கம் புதுத் தார் விளிம்பு. பின்னாடி ஹார்ன் அடிக்குறாங்க. என்னதான் பண்றது?

முதலில், லாரிக்கு இணையாக ஓட்டுவதை விடுங்கள். அதன் பக்கத்தில் இருக்கும்வரை லாரி அரை அடி ஒதுங்கினாலும் உங்களுக்கு விளிம்பைத் தவிர வேறு வழி இருக்காது. ஆக்சிலரேட்டரை மெல்லக் குறைத்து லாரியை முன்னே போகவிடுங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டால் பின்விளக்கு எரிந்து பின்னால் வருபவருக்கும் தெரியும். லாரி தாண்டியதும் அதன் இடது சக்கரத் தடத்துக்கு மெல்ல வந்துவிடுங்கள். விளிம்பு அப்போது உங்களுக்கு இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கும்.

ஹார்ன் அடிப்பவருக்காக விளிம்பில் ஏறாதீர்கள். அவர் அவசரம் அரை நிமிடத்தில் தீரும். இடம் கிடைத்ததும் இடது ஓரத்தில் ஒதுங்கி அவரைப் போகவிட்டு, பிறகு உங்கள் வேகத்திலேயே போங்கள்.